அக்கா அதிகம் படித்த மூன்று பேர்

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டி எங்கள் தையல் அறை. கிழிந்த படுக்கை விரிப்பு, நாடா அறுந்த ஆபரேஷன் அங்கி, வாய் பிரிந்த தலையணை உறை எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து சேரும். நாங்கள் நான்கு பெண்கள். ஜன்னலோரத்து மெஷின் அக்காவுடையது, அதற்கு அடுத்தது என்னுடையது. அந்த அறையில் அக்கா என்றால் அவள் ஒருத்திதான். வயதில் மூத்த மேற்பார்வையாளர்கூட அவளை அக்கா என்றே கூப்பிடுவார்.

அக்கா ஒவ்வொரு விரிப்பையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். எங்கே நூல் இற்றிருக்கிறது, எங்கே ஒட்டுப் போட்டால் நிற்கும் என்று அதிலேயே தெரிந்துவிடும். "இது தாங்காது, துடைக்கிற துணிக்குப் போடு" என்று ஓரமாகத் தள்ளுவாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் பக்கத்து அறைக்காரர்களும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அவ்வளவு நிதானமான குரல்.

எனக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் கிடையாது. அக்கா படித்த எழுத்தாளர்களை எல்லாம் அவள் வாயால் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்களை என் சொந்தக்காரர்களைவிட நன்றாகத் தெரியும் என்று சொல்வேன். இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகும்.

அக்காவின் வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா தினமும் காலையில் அவருடைய பஸ்ஸில்தான் வேலைக்கு வருவாள். பஸ் புறப்பட நேரம் இருந்தால் அவர் ஸ்டீரிங் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டிருப்பார். முன் சீட்டில் அக்கா அவள் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவர் திரும்பிப் பார்த்து, "அந்தம்மா எழுதுனதா? வீடு மாறுவாங்க, மறுபடியும் வீடு மாறுவாங்க. அதுல வேற ஏதாவது நடக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

"உங்க புத்தகத்துல என்ன நடக்குதாம்?"

"கப்பல் முழுகிடுச்சு."

"பாவம்" என்றாளாம் அக்கா. "சரி, வண்டியை எடுங்க. எனக்கு நேரமாகுது."

அவர்கள் காதலித்த கதை இவ்வளவுதான்.

அக்காவுக்குப் பிடித்த எழுத்தாளர் அந்தம்மாதான். வாடகை வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்களைப் பற்றியே எழுதுபவர். அடுப்படிச் சுவரில் முந்தைய குடித்தனக்காரர்கள் அடித்துவிட்டுப் போன ஆணியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருப்பாராம். அக்காவின் வீட்டுக்காரர் அந்தம்மாவுக்கு வைத்த பெயர் "வாடகை வீட்டம்மா."

வீட்டுக்காரருக்குப் பிடித்தவர்கள் மூன்று பேர். அவர்களுக்கும் பட்டப்பெயர்தான். கடல் பயணம், புயல், உடைந்த பாய்மரம் என்று எழுதியவர் கப்பல்காரர். துப்பறியும் கதை எழுதியவர் வக்கீல். கொலை முதல் பக்கத்திலேயே நடந்துவிடும், மிச்சமெல்லாம் விவாதம். மூன்றாமவர் மழைக்காரர். அவர் கதைகளில் எப்போதும் மழை பெய்யும், யாராவது ஒருவர் தனியாக நின்று அதைப் பார்ப்பார். வீட்டுக்காரர் இந்த மூவரைத் தவிர வேறு யாரையும் படிக்க மாட்டார். படித்ததையே திரும்பப் படிப்பார்.

கல்யாணமான புதிதில் சாயங்காலம் இருவரும் ஒரே விளக்கடியில் ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்களாம். பேச்சு இருக்காது. "அதுதான் நல்லா இருந்த காலம்" என்று அக்கா ஒருமுறை பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள். பிறகு மகள் பிறந்தாள், படித்தாள், வேலை கிடைத்து நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள்.

அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. கண்ணைத் தின்றுகொண்டிருந்தது தெரியவில்லை. ஒருநாள் எதிரே வந்த பஸ்ஸின் பலகையில் எண் கலங்கித் தெரிந்ததாம். அன்றே டிப்போவில் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார். அப்புறம் லேசர், ஆபரேஷன், சொட்டு மருந்து. எதுவும் பலிக்கவில்லை. முதலில் எழுத்து போனது, பிறகு முகம் போனது, கடைசியில் ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் மிஞ்சியது.

"வக்கீல் என்ன சொல்றார்னு கொஞ்சம் படிச்சுக் காட்டேன்" என்று முதல் தடவை கேட்டபோது அவர் குரலில் கூச்சம் இருந்ததாம். அக்கா ஒரு அத்தியாயம் படித்தாள். மறுநாள் இன்னொன்று. பிறகு அவர் கேட்பதும் நின்றுபோனது. வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளே உட்கார்ந்துவிடுவாள். பகல் முழுக்க மெஷின், சாயங்காலம் முழுக்க அந்த மூன்று பேர்.

வேறு யாரையாவது படிக்கலாமே என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

"தெரியாத ஊர்ல என்னைக் கொண்டு போய் விடாத. தெரிஞ்ச தெருன்னா தடவிக்கிட்டே போயிடுவேன்" என்றார் அவர்.

அக்கா கப்பல்காரரையே எடுத்துப் பிரித்தாள்.

ஒவ்வொருவருடைய புத்தகமும் முடியும். முடிந்ததும் அடுத்தவர் வருவார். மூன்று பேரும் முடிந்தால் முதலிலிருந்து. அக்காவுக்குக் கப்பல்காரரின் சமையல்காரன் எந்தப் பக்கத்தில் சாவான் என்று மனப்பாடம். ஒருநாள் தலைவலியோடு படித்தபோது மழைக்காரரின் வர்ணனை ஒன்றைத் தாண்டிவிட்டாள். அவர் கையால் நாற்காலிப் பிடியைத் தட்டினார்.

"மழை எங்க?"

"எந்த மழை?"

"அவன் பாலத்துல நிக்கிறப்ப பெய்யுமே. மழையை விட்டுட்ட."

"இருக்கிற மழை பத்தாதா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டுப் பின்னால் புரட்டி அந்தப் பக்கத்தைப் படித்தாள். மறுநாள் எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாங்களும் சிரித்தோம். கொஞ்ச காலத்துக்கு வெளியே தூறல் விழுந்தாலே அறையில் யாராவது, "அக்கா, மழையை விட்டுடாதீங்க" என்போம்.

மகள் அப்பாவுக்கு ஒரு போன் வாங்கி வந்தாள். பொத்தானை அழுத்தினால் அதுவே கதை படிக்கும். அம்மாவுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான் வாங்கியிருக்கிறாள். அவர் அரை மணி நேரம் கேட்டுவிட்டு அதைத் தடவித் தடவி மேஜைமேல் வைத்தார். "இது மூச்சே விடாம படிக்குதும்மா. எனக்கு மூச்சு விட்டுப் படிக்கிற ஆள் வேணும்" என்றார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். எவ்வளவு பிரியம் பாரு என்று எல்லோரிடமும் சொன்னாள். அக்கா என்னிடம் அதைச் சொன்னபோது அவள் முகத்தில் பெருமை எதையும் காணவில்லை. வேறு ஏதோ இருந்தது. கதவு திறந்து உடனே மூடிக்கொண்டதைப் பார்த்தவள் போல இருந்தாள்.

ஒருமுறை நூலகத்தில் கப்பல்காரரின் புத்தகத்தை பைண்டிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அக்கா துணிந்து வாடகை வீட்டம்மாவை எடுத்து வந்தாள். இரண்டு அத்தியாயம் படித்தாள். சந்தோஷமாப் படிச்சேன், குரலே வேற மாதிரி வந்துச்சு என்றாள். அவர் தட்டவில்லை, பொறுமையாகக் கேட்டார். இரண்டாவது அத்தியாயம் முடிந்ததும், "முடிஞ்சுதா?" என்றார்.

"இன்னும் நிறைய இருக்கு."

"ஓ. நாளைக்குக் கப்பல்காரர் வந்துடுவாரா?" என்று கேட்டார்.

அக்கா புத்தகத்தை மூடினாள். மிச்சத்தைத் தனக்காகப் படித்துக்கொள்ளலாம் என்று சமையலறை ஸ்டூலில் போய் உட்கார்ந்தால், ஒரு பக்கம் திரும்புவதற்குள் கூப்பிடுவார். "எங்க இருக்க? ஏன் சத்தத்தையே காணோம்?" பாத்திரம் கழுவினால் கூப்பிட மாட்டார், துணி அலசினால் கூப்பிட மாட்டார். மனசுக்குள் படித்தால் மட்டும் அவருக்கு அவள் வீட்டில் இல்லாமல் போய்விடுவாள். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. கண் தெரியாதவருக்குச் சத்தம்தானே ஆள்.

"பஸ்ல படிக்கலாமே அக்கா" என்றேன்.

"பஸ்ல தூங்கிடறேன்" என்றாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. எங்கள் அறைக்கு மின்சார மெஷின் வந்தது, அக்காவுக்குத் தடிமனான கண்ணாடி வந்தது. வீட்டில் மட்டும் அதே மூன்று பேர்.

ஒரு காலை அவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். பக்கவாதம். எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தார்கள். உயிர் பிழைத்தது, வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. நான் பார்க்கப் போனபோது அவர் படுத்திருந்த விரிப்பில் நானே போட்ட ஒட்டு இருந்தது. அந்த ஒட்டைச் சரியாக மடித்துத் தைக்கவில்லை. முதுகில் உறுத்துமோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வேறு விரிப்பு எடுத்து வந்து மாற்றிப் போட்டோம்.

தினமும் வேலை முடிந்ததும் அக்கா வார்டுக்குப் போவாள். நர்ஸம்மா ஒரு மணி நேரம் படிக்க அனுமதித்தார். முதல் சில நாள் வக்கீலைப் படித்தாள். பிறகு ஒருநாள் நூலகத்துக்குப் போய் வாடகை வீட்டம்மாவை எடுத்து வந்தாள். என்னிடம் அதைச் சொல்லவில்லை. நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். கதையில் ஒரு குடும்பம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. குழந்தை ஒன்று, காலியான அறையில் தன் குரல் எதிரொலிப்பதைக் கேட்டுப் பயந்தது. அக்கா தாழ்ந்த குரலில் படித்துக்கொண்டிருந்தாள். அவருடைய இடது கை போர்வைமேல் சும்மா கிடந்தது. அந்தக் கையை அசைக்க முடியும் அவரால். தட்டவில்லை.

ஒரு வாரம் படித்தாள். படிக்கப் படிக்க அவருடைய வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அக்கா நர்ஸம்மாவிடம் கேட்டாள்.

"அந்தப் பக்கம் இமை சரியா மூடாதும்மா, அதான் தண்ணி வடியுது. நீங்க அழுகைன்னு நினைச்சுக்காதீங்க" என்றார் நர்ஸம்மா. ஆறுதலாகத்தான் சொன்னார்.

மறுநாள் அக்கா மெஷினில் உட்கார்ந்தவள் தைக்கவில்லை.

"அவருக்குப் பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னே எனக்குத் தெரியல. பிடிக்கலைன்னா சொல்ல வழியில்லாத மனுஷன். அவர்கிட்ட போய் நான் எனக்குப் பிடிச்சதைப் படிச்சுக்கிட்டு இருக்கேன். பழி வாங்கற மாதிரி இல்ல?"

"என்னக்கா பேசுறீங்க? அவருக்கு உங்க குரல் கேட்டாப் போதும்."

"அப்படின்னா எத்தனை வருஷம் முன்னாடியே அந்தக் குரல்ல இந்தம்மாவைப் படிச்சிருக்கலாம்" என்றாள். அவ்வளவு கசப்பாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் வாடகை வீட்டம்மாவைப் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பல்காரரை எடுத்துப் போனாள். கதையில் புயல் வருவதற்குள் அவர் போய்விட்டார். ஒரு பகல் நேரம். நாங்கள் கீழே தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தோம். வார்டு ஆயா வந்து வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. அக்கா அவளைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த உறையைத் தைத்து முடித்து நூலை வெட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

மகள் தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டாள். ரிட்டையர் ஆகட்டும் பார்க்கலாம் என்று அக்கா தள்ளிப்போட்டாள். இனிமேலாவது அக்காவுக்குச் சாயங்காலம் சொந்தமாகிவிட்டது, இஷ்டப்பட்டதைப் படிப்பாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நானேகூட வாய்விட்டுச் சொன்னேன். அவளும் வாடகை வீட்டம்மாவின் புத்தகங்கள் எல்லாவற்றையும் எடுத்து வந்தாள்.

"ஓடலடி" என்றாள் ஒருநாள்.

"என்ன ஓடல?"

"படிக்க ஓடல. மனசுக்குள்ள படிச்சாலும் எனக்கு என் குரல் கேக்குது. அவருக்குப் படிச்ச மாதிரியே கமாவுக்கு நிக்குது, புள்ளிக்கு நிக்குது. அதைவிடக் கேவலம், நாலு பக்கம் தாண்டுனதும் இந்த வீட்டுல யாராவது எதையாவது செய்ய மாட்டாங்களான்னு எரிச்சலா வருது. இது என் எரிச்சல் இல்ல, அவரோடது. எனக்குள்ள வச்சுட்டுப் போயிட்டார்."

கொஞ்ச நாள் விட்டுப் பிடியுங்கள் என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் நூலகர் கூப்பிட்டாள். இளம்பெண், ஆர்வமாக ஏதாவது செய்துகொண்டே இருப்பாள். வாசகர் கூட்டம் நடத்துகிறோம், "நான் அதிகம் படித்த எழுத்தாளர்கள்" என்று ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசணும், இந்த நூலகத்தில் உங்கள் அளவுக்குப் புத்தகம் எடுத்தவர் யாருமில்லை, நீங்கள் கட்டாயம் வரணும் என்றாள். அக்கா மாட்டேன் என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். இஸ்திரி போட்ட புடவை, தலையைப் படிய வாரியிருந்தாள்.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி, தான் படித்த எழுத்தாளர் தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டார் என்றாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அழகாகப் பேசினார். தன் எழுத்தாளரைப் பதினெட்டு வயதில் ஒருமாதிரி, ஐம்பதில் வேறுமாதிரி புரிந்துகொண்டதை விவரித்தார். எனக்குக்கூட ஒரு புத்தகம் படிக்கலாமா என்று தோன்றிவிட்டது.

அக்காவின் முறை வந்தது. எழுந்து நின்றாள்.

"நான் அதிகம் படிச்சது மூணு பேரை. மூணு பேரையும் எனக்குப் பிடிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். அக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"வேடிக்கைக்குச் சொல்லல" என்றாள்.

தலைமையாசிரியர் நிஜமான அக்கறையோடு முன்னால் சாய்ந்து கேட்டார். "பிடிக்காதவங்களை ஏம்மா திரும்பத் திரும்பப் படிச்சீங்க?"

அக்கா வாயைத் திறந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தேடியது முகத்தில் தெரிந்தது. பஸ்ஸிலிருந்தா, கண்ணிலிருந்தா? புடவை ஓரத்தை விரலால் மடித்து மடித்துப் பிரித்தாள்.

"வீட்டுல அவர் கேப்பார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எந்த அவர் என்று அங்கே இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? நூலகர் கை தட்டினாள், அவளைப் பார்த்து இரண்டு மூன்று பேர் தட்டினார்கள். அடுத்தவர் பேச எழுந்தார்.

திரும்பி வரும்போது அக்கா வேகமாக நடந்தாள். மூடியிருந்த கடைகளைத் தாண்டி, பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றாள்.

"சொல்ல வேண்டியது இப்பதான் வருது. கல்யாணம் பண்ணிக்கிட்டா அவங்க வீட்டு ஆளுங்களும் சேர்ந்துதானே வருவாங்க? அப்படி வந்தவங்க இவங்க மூணு பேரும். பிடிக்குதோ இல்லையோ, வந்து உக்காந்துட்டாங்க. நான்தான் பாத்துக்கிட்டேன். வக்கீல் ஒரே பேச்சு. கப்பல்காரருக்குப் பொம்பளைங்களைக் கண்டாலே ஆகாது, ஆறு புத்தகத்துல ஒரு பொம்பளை இல்ல. மழைக்காரர் மட்டும் எப்பவாவது ஒரு வரி நல்லா எழுதுவார். அதைப் படிக்கிறப்ப நான் கொஞ்சம் நிறுத்துவேன். தனக்காகன்னு எங்க வீட்டுல அவர் நினைச்சுப்பார்."

"இதையே அங்க சொல்லியிருக்கலாமேக்கா."

"அவர்கிட்டயே சொல்லல. அங்க எதுக்கு?" கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "எது நல்லா இருக்குன்னு ஒரு நாளும் அவர் என்னைக் கேட்டதில்ல. நான் கோவமா இருந்தேன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வேண்டாம்னு நிறுத்தியிருப்பார். அந்த மாதிரி மனுஷன்தான். அதனாலதான் சொல்லல."

அதற்குப் பிறகு நூலகத்துக்கு அவள் போகவில்லை. வீட்டில் அவருடைய சொந்தப் பிரதிகள் கொஞ்சம் இருந்தன, அட்டை பிய்ந்து நூல் தெரிந்துகொண்டிருந்தன. அவற்றை டிப்போ ஓய்வறையில் கொடுத்துவிட்டாள். யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரியும். எடைக்குப் போட மனசு வரவில்லை என்றாள். வாடகை வீட்டம்மாவின் புத்தகங்களை நான்தான் நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் அக்கா ரிட்டையர் ஆகி மகள் வீட்டுக்குப் போனாள். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். மகளின் வீட்டுக்காரருக்கும் படிக்கிற பழக்கம் உண்டு. கூடத்தில் சுவர் முழுக்கப் புத்தகம். அதற்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்தபடி அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். தையல் அறைக்குப் புதிதாக யார் வந்திருக்கிறார்கள், சலவைக்கூடத்துக் கூரை ஒழுகுவதை அடைத்தார்களா என்று விசாரித்தாள். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினாள்.

"ஏதாவது படிக்கிறீங்களா அக்கா?"

"இல்ல."

"கண்ணு சரியில்லையா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு."

உள்ளேயிருந்து மகள், "டிவியும் வேணாங்கிறாங்க, பாட்டும் வேணாங்கிறாங்க. நாள் முழுக்கச் சும்மாவே உக்காந்திருக்காங்க. நீங்களாவது சொல்லுங்க" என்றாள்.

அக்கா என் பையின் வார் பிரிந்திருப்பதைப் பார்த்து ஊசி நூல் கேட்டாள். மகள் கொண்டு வந்து கொடுத்தாள். நான்கு தையல் போட்டு, பல்லால் கடித்து நூலை அறுத்துத் திருப்பிக் கொடுத்தாள். பழைய நேர்த்தி இல்லை, ஆனால் நிற்கும்.

கிளம்பும்போது அவள் எழுந்து வரவில்லை, கையை மட்டும் தூக்கினாள். மகள்தான் கதவு வரை வந்தாள். "அடிக்கடி வாங்க. உங்ககிட்டதான் அம்மா நாலு வார்த்தை பேசுறாங்க" என்றாள். வருகிறேன் என்றேன். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரம். வீட்டு வேலையும் விட்டபாடில்லை. இந்த ஞாயிறு போகலாம் என்றிருந்தேன், முடியவில்லை.